ஒருசந்தியும் உப்புக்கஞ்சியும்

லூயிசா டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாமல் போய்விட்டது. சாந்தோமில் கோவில் மணி காதில் விழும் தூரத்தில் பிறந்து, வளர்ந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட கத்தோலிக்கப் பெண்மணி வாய்விட்டுச் சொல்லக்கூடிய சமாசாரமா இது? சொல்லவில்லை, உள்ளுக்குள்ளேயே பொருமினாள். வாரத்தில் ஆறு நாள் எப்படியோ முக்கி முனகித் தள்ளிவிடுகிற உடம்பு, ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளைக் கீழே போட்டு மிதித்தது. அடுக்களைக்கும் கொல்லைக் கடைசியில் இருந்த கக்கூஸுக்கும் நடந்து நடந்தே பகல் போய்விடும். சாயங்காலமானால் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். குடித்தது உள்ளே போன வேகத்திலேயே வெளியே போகும், தாகமோ அப்படியே இருக்கும்.

"சர்வேசுரன் ஓய்வெடுத்த நாளாம்," என்று சொம்பை ணங்கென்று வைப்பாள். "எனக்கு மட்டும் அன்னைக்குத்தான் டியூட்டி."

நாற்பதைத் தாண்டியவள். பங்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸ் டீச்சர். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவள் கிளாஸில் படித்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் வாய்ப்பாடு மறக்காது. புருஷன் ஆம்ப்ரோஸ் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா, நல்ல மனுஷன். ஆனால் எதைக் கேட்டாலும் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பது போல நிற்பார். "பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுக் கேட்டு லூயிசாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஒரே மகள் ஆனி. குணத்தில் அப்பாவையும் நாக்கில் அம்மாவையும் கொண்டவள்.

இத்தனைக்கும் ஆரம்பம் போன மழைக்காலம். நாற்பத்தாறாம் வருஷம், ஐப்பசி அடைமழை. ஒரு சாயங்காலம் லூயிசாவுக்கு வயிற்றில் யாரோ துணியைப் பிழிவது போல வலி எடுத்தது. கஷாயம் கேட்கவில்லை, ஒத்தடம் கேட்கவில்லை. ரிக்ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றைக் கிழித்தார்கள். அவள் கண் விழித்தபோது நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை தையல். கட்டிலோரம் ஆம்ப்ரோஸ் தொப்பலாக நனைந்து நின்றார்.

"குடல்ல முடிச்சு விழுந்திருந்துச்சாம். சரி பண்ணிட்டாங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லூயிசாவும் நம்பினாள். தையல் பிரித்தார்கள், புண் ஆறியது, வீட்டுக்கு வந்தாள். முடிச்சு போய்விட்டது என்றால் அப்புறம் அவள் என்ன நோயாளி? ஆனால் வயிறு மட்டும் அடங்கவில்லை. எது தின்றாலும் ஓட்டம். பசியோ பேய்ப் பசி. ஒரு தட்டுச் சோறு தின்று கை கழுவும்போதே அடுத்த தட்டுக்கு மனசு போகும். தின்றதெல்லாம் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. கண்ணாடியில் பார்த்தால் கழுத்தெலும்பு முன்னே வந்து அவளை வரவேற்றது.

இப்படி ஆனவளை ஊர் சும்மா விடுமா? பக்கத்து வீட்டில்தான் ஆம்ப்ரோஸின் தங்கை கிளாடிஸ். தங்கமான மனசு, ஓட்டை வாய். அண்ணி இளைத்துப்போனதைப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னா அண்ணி, இப்டி எலும்புக்கூடா ஆய்ட்டீங்க?" என்று தினம் ஒரு பாத்திரத்தோடு வந்து நிற்பாள். மேலே கொழுப்பு மிதக்கிற ஆட்டுக்கால் சூப்பு, பாலில் அடித்த பச்சை முட்டை, நெய் வழிகிற ரவைக் கேசரி. முன்னே நின்று காலி பண்ணும் வரை நகர மாட்டாள். அன்றைக்கெல்லாம் லூயிசாவுக்குக் கொல்லைப்புறமே கதி. எண்ணெயாக மிதக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். மறுநாள் இன்னும் இளைத்திருப்பாள். அதைப் பார்த்துக் கிளாடிஸ் இன்னும் பெரிய பாத்திரமாகக் கொண்டு வருவாள்.

ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். காசம் என்று பேச்சு. பள்ளிக்கூடத்திலோ அதைவிட அவமானம். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிள்ளைகள் புத்திசாலிகள், டீச்சர் முகம் மாறினதுமே வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடும். தலைமைக் கன்னியாஸ்திரி நல்லவிதமாகத்தான், டீச்சர் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளலாமே என்றார். லூயிசா எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கேசரி வரும்.

இந்த லட்சணத்தில்தான் ஆனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹென்றி, ராயப்பேட்டையில் ஹைஸ்கூல் வாத்தியார். பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்து கல்யாணம். லூயிசாவுக்கு ஆஸ்தி அந்தஸ்து எதிலும் ஆசை கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். கல்யாணப் பூசையில் மகளோடு பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போய், பக்கத்தில் முழங்காலிட்டு, சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்க வேண்டும். அவர்கள் பங்குக் கோவிலில் அதுதான் வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாங்கினதும் பெற்றவர்கள் நாலு பேரும் எழுந்து போய்க் கிராதியில் முழங்காலிட வேண்டும். கோவிலே பார்த்துக்கொண்டிருக்கும்.

யாராவது எழுந்து போகாமல் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. பாவம் தீராதவனுக்கு நன்மை கிடையாதே. ரொம்ப வருஷத்துக்கு முன் ஒரு மனுஷன் தன் மகள் கல்யாணத்தில் அப்படி உட்கார்ந்துவிட்டான். என்ன பாவமோ, சாமியார் பாவமன்னிப்புக் கொடுக்க மறுத்துவிட்டாராம் என்று ஆரம்பித்த பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஆள் செத்து மண்ணாகிவிட்டான். உண்மையில் அவன் காலையில் மறந்துபோய் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டானோ என்னவோ, யார் கண்டது? நன்மை வாங்குகிறவர் நடுராத்திரியிலிருந்து ஒன்றும் வாயில் போடக்கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது சட்டம். ஒரு மிடறு தண்ணீர் குடித்தவனும் உட்கார வேண்டியதுதான், ஊரை ஏமாற்றினவனும் உட்கார வேண்டியதுதான். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று. அந்தச் செத்த மனுஷனைப் பற்றி வாய் வலிக்கப் பேசியவர்களில் நம் லூயிசாவும் ஒருத்தி.

கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும், வயிறும் சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் ஒருசந்தியைக் கண்டிப்பாகப் பிடித்தாள். ஒருசந்தி என்றால் பகலில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு, மற்ற நேரம் அரைவயிறும் கால்வயிறும். நோயாளிக்கு விலக்கு உண்டுதான். இவள் நோயாளி இல்லையே, முடிச்சு அவிழ்ந்தவள் ஆயிற்றே! காலையெல்லாம் காய்ந்து கிடந்துவிட்டு மத்தியானம் மலை போலச் சோற்றைக் குவித்து, ரசத்தை ஊற்றி, மேலே ஒரு சொம்புத் தண்ணீரையும் கவிழ்ப்பாள். அப்புறம் நடப்பதைச் சோதனை என்று நினைத்துக்கொள்வாள்.

தபசுகாலத்து நடுவில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து கோவில் படியில் இறங்கியவள் மூன்றாம் படியைக் காலால் தேடினாள். அது அங்கே இல்லை. கண் திறந்தபோது ரிக்ஷாவில் ஆம்ப்ரோஸின் தோளில் சாய்ந்திருந்தாள். விரல்கள் கோணிக்கொண்டு நிமிர மறுத்தன.

கச்சேரி ரோட்டில் டாக்டர் கல்யாணராமனுக்கு டிஸ்பென்சரி, பின்கட்டில் வீடு. ஞாயிறு என்றும் பாராமல் வந்து பார்த்தார். ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். நாக்கை நீட்டச் சொன்னார். ரத்தச் சிவப்பாக வழவழவென்று இருந்தது. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வயிற்றுத் தழும்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எவ்வளவு எடுத்தா?"

"எடுக்கல டாக்டர். முடிச்சு விழுந்துச்சு, அவுத்து விட்டாங்க," என்றாள் லூயிசா.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் தன் செருப்பைப் பார்த்தார். அந்த நிமிஷமே லூயிசாவுக்கு விஷயம் இன்னதென்று தெரியாவிட்டாலும் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக் குடித்தனம் சும்மாவா?

"சொல்லுங்க," என்றாள். குரல் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் தெருவே கேட்டிருக்கும்.

ஆம்ப்ரோஸ் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போயிருந்ததாம். ஒரு பேசினில் வைத்து அவருக்குக் காட்டினார்களாம். சிறுகுடலில் முக்கால்வாசிக்கு மேல் அதில் கிடந்தது. மிச்சத்தை வைத்துத் தைத்திருக்கிறோம், கடவுள் விட்ட வழி என்றார்களாம். "உங்கிட்ட நாங்களே சொல்றோம்னாங்க. நான்தான் வேணாம்னு கையைப் பிடிச்சிக்கினேன். தெரிஞ்சா நீ மனசு விட்டுடுவேன்னு பயம். அப்புறம் ஆனிக்கு இடம் வந்துச்சு. அம்மாவுக்கு இப்படின்னு தெரிஞ்சா அவங்க என்ன நினைப்பாங்களோன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்கல."

லூயிசா புடவையை இழுத்துத் தழும்பை மூடினாள். பிறகு பேசினாள்.

"கத்திரிக்கா வாங்கினா அதுல எது சொத்தைன்னு வீடு முழுக்கச் சொல்றீங்க. என் வயித்துல இருந்து குடலை எடுத்துக்கினு போனதை எங்கிட்ட சொல்லத் தோணல. நான் ஒருசந்தி பிடிச்சேன். உங்க தங்கச்சி கேசரியைத் தின்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு இருந்தீங்க."

அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்தான். இத்தனை மாசமும் தன் உடம்பு தன்னை ஏமாற்றுகிறது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தாளே, பாவம், அது கையாலான மட்டும் உழைத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "டீச்சர், உங்க சார் வேலை பாக்கற ஹார்பர்ல பத்துப் பேர் இறக்கற மூட்டையை மூணு பேர் இறக்கணும்னா என்ன பண்ணுவா? ஒண்ணொண்ணா அனுப்பினா இறக்குவா. மொத்தமாத் தலையில போட்டா அப்படியே விட்டுட்டுப் போயிடுவா. உங்க குடல் அந்த மூணு பேர். நீங்க ஒருசந்தின்னு நாள் பூரா சும்மா உக்கார வெச்சுட்டு, மத்தியானம் மொத்த மூட்டையையும் போடறேள். இதைவிட மோசமா யோசிச்சே பண்ண முடியாது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்ன வேண்டும். பசி எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. நன்றாக மென்று தின்ன வேண்டும். நெய், கொழுப்பு, பால், சர்க்கரை இப்போதைக்குக் கூடாது. குழைந்த சோறு, முட்டை, முள்ளில்லாத மீன் ஆகும். தாகம் எடுத்தால் வெறும் தண்ணீரைச் சொம்பாகக் குடிக்கவே கூடாது. அது போகிறபோது உடம்பில் இருக்கிற உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் குடிக்கக் குடிக்கத் தாகம், அதனால்தான் கால் முறுக்கல். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக்கூடாது, தள்ளிக் குடிக்க வேண்டும். ரத்தம் ஊற ஈரல் சாற்று ஊசி அவரே போடுவார்.

"இதெல்லாம் பண்ணினா பழையபடி ஆயிடுவேனா?" என்று கேட்டாள்.

"பழையபடின்னு சொல்ல மாட்டேன். மிச்சம் இருக்கற குடல் மெல்ல மெல்ல வேலை கத்துக்கும். வருஷம் ஆகலாம். என் புஸ்தகத்துல இதுக்கு ரெண்டு வரிதான் போட்டிருக்கான், அதுவும் ஆள் பிழைக்கறது கஷ்டம்னு. நீங்க பிழைச்சு உக்காந்துண்டு ஆத்துக்காரரோட சண்டை போடறேள். அதனால புஸ்தகத்தை விட்டுடுவோம்."

சொல்லிவிட்டார். செய்கிறவளுக்கல்லவா தெரியும்! அன்றிலிருந்து லூயிசாவின் பிழைப்பு கஞ்சிக்குப் பின்னால் ஓடுகிற பிழைப்பாயிற்று. ரேஷனில் கிடைப்பது கொஞ்சம் அரிசி, பாதிக்குப் பாதி கோதுமை. வீட்டு அரிசியெல்லாம் அவள் கஞ்சிக்குப் போனது. அப்பாவும் மகளும் தோல் போல இழுபடுகிற சப்பாத்தியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பசி எடுத்தபோது கை நிறைய அள்ளித் தின்ன முடியாது, பசிக்காதபோது தின்ன வேண்டும். தாகத்தில் தொண்டை காயும்போது எதிரே மண்பானையில் ஜிலுஜிலுவென்று தண்ணீர் இருக்கும். அதைத் தொடாமல் வெதுவெதுவென்ற உப்புக்கஞ்சியைச் சப்ப வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு தண்டனையை அவள் கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கஞ்சி ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் போனது. கூட்டல் கணக்குக்கு ஒரு மிடறு, கழித்தல் கணக்குக்கு ஒரு மிடறு. கிளாஸுக்குள் டீச்சர் தின்னலாமா என்று ஒரு அம்மாள் வந்து நியாயம் கேட்டாள். கிளாடிஸுக்கோ மனஸ்தாபம். கேசரியைத் திருப்பி அனுப்பியதை அவள் தாங்கவில்லை. "நான் கொடுத்தா மட்டும் ஒத்துக்காதா?" என்று மூக்கைச் சிந்தினாள். காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று லூயிசா வாயைத் திறப்பாள். ஆம்ப்ரோஸ் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சுவார். கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும். லூயிசா பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தபசு என்று அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் வயிறு கேட்டது. ஓட்டம் குறைந்தது. ஒரு பாடம் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த அன்று பிள்ளைகள் கொஞ்சம் ஏமாந்துகூடப் போனார்கள். கால் முறுக்கல் நின்றது. திங்கள் முதல் சனி வரை தேறிக்கொண்டே வருவாள், ஞாயிறு மட்டும் பழைய குருடி கதவைத் திறடி என்று நிற்பாள். நடுராத்திரியிலிருந்து பூசை முடியும் வரை வாயில் ஒன்றும் போடுவதில்லையே! உடம்பு காய்ந்துவிடும். வந்ததும் வெறியோடு விழுங்குவாள். ஒரு வாரத்துச் சம்பாத்தியம் ஒரு காலையில் போய்விடும். டாக்டரிடம் சொன்னாள். எங்காத்துலயும் ஏகாதசி உண்டு, உங்களுக்கு இது ஆகாது, கல்யாணத்தன்று இப்படிப் பட்டினி கிடந்தால் கோவிலிலேயே விழுந்து கிடப்பேள் என்று அவர் முடித்துவிட்டார்.

பங்குச் சாமியார் அகஸ்டினிடம் போனாள். வயசானவர், லூயிசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தவரே அவர்தான். அவரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண் கலங்கியது. ஆனால் சட்டம் சட்டம்தான். ஒரு மாசமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளிக்கு விலக்கு உண்டு, மருந்தோ கஞ்சியோ குடித்துவிட்டும் நன்மை வாங்கலாம் என்றார்.

"நான் படுக்கையில இல்லையே சாமி."

"அதான் பார்க்கிறேன்," என்றார் அவர் பரிதாபமாக.

லூயிசாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்கத்தானே இத்தனை கஞ்சியும் குடித்தாள்? எழுந்ததுதான் குற்றமா? படுத்தே கிடந்திருந்தால் சாமியார் வீடு தேடி வந்து கொடுத்திருப்பார். மேலிடத்தில் கேட்கிறேன், ஆனால் பதில் வர நாளாகும் என்றார். அன்றைக்கு வாங்காமல் இருந்தால் பாவமே இல்லை, மனசால் வாங்கிக்கொள் என்றும் சொன்னார்.

"பாவம் இல்லைன்னு எனக்குத் தெரியும் சாமி. ஊருக்கு யார் சொல்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் பேசினவள்தானே.

ஆனியிடம் சொல்லிப் பார்த்தாள். "நீ உக்காந்தே இரும்மா. விழுந்து வைக்காத," என்றாள் ஆனி. "எவ என்ன பேசினா உனக்கு என்ன?" சொல்வது சுலபம். நாளைக்கு ஹென்றி வீட்டில் எவளாவது, உங்கம்மா ஏன் நன்மை வாங்கல என்று ஆரம்பித்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது இந்தப் பெண்தானே? லூயிசா முடிவு செய்துவிட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பட்டினி கிடப்பது. கிராதி வரை நடந்துவிட்டால் போதும், அப்புறம் உடம்பு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

கல்யாணத்தன்று விடியும்போதே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கொசுவத்தைச் செருகக் குனிந்தவளுக்குக் கண் இருட்டியது. அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது காலில் முறுக்கல் லேசாக ஆரம்பித்திருந்தது. முன்கூடத்தில் ஆனிக்குத் தலைமுக்காடு குத்திக்கொண்டிருந்தார்கள், ஒரே சிரிப்புச் சத்தம்.

ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தார். கோட்டும் டையுமாக, புதுச் செருப்பு கடிக்க, நொண்டிக்கொண்டு வந்தார். அடுப்போரம் மூடி வைத்திருந்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"எடுத்துக்கினு போங்க," என்றாள்.

"குடி லூயிசா."

"இன்னைக்கு ஒரு நாள் என்னை விட்டுடுங்க. இத்தனை மாசம் வாயைத் திறக்கல இல்ல, இப்பவும் திறக்காதீங்க. நான் உக்காந்தா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாம என்ன, தெரியும். அதுக்குப் பயந்துதானே என் குடலையே மறைச்சீங்க?"

ஆம்ப்ரோஸ் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அதைத் தன் வாயில் வைத்து, கடகடவென்று பாதி டம்ளரைக் குடித்துவிட்டார்.

லூயிசாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. சின்ன வயசில் முதல் தடவையாகப் புதுநன்மை வாங்கின நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தப்பவிட்டவர் இல்லை அந்த மனுஷன். தம் ஒரே மகள் கல்யாணத்தில், பூசைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, இப்படிச் செய்துவிட்டு மீசையில் ஒட்டிய கஞ்சியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இனிமேல் மாதாவே வந்து கூப்பிட்டாலும் அவர் கிராதிக்குப் போக முடியாது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார் ஆம்ப்ரோஸ். மிச்சப் பாதியை நீட்டினார். "நீ தனியா உக்கார வேணாம்."

அவள் வாங்கிக்கொண்டாள். திட்ட வேண்டும் என்று வார்த்தைகள் வாய் வரை வந்தன. அவற்றையும் சேர்த்து மிடறு மிடறாக விழுங்கினாள். கோவிலுக்குக் கிளம்புமுன் போத்தலில் இன்னும் கொஞ்சம் ஊற்றி அவரே கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

பூசையில் மணி அடித்தது. ஆனியும் ஹென்றியும் நன்மை வாங்கினார்கள். ஹென்றியின் அப்பாவும் அம்மாவும் எழுந்து போனார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கிராதியில் இரண்டு பேர் இடம் காலியாகவே இருந்தது. கோவிலில் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பாமல் திரும்பின. முன் பெஞ்சில் லூயிசா முழங்காலில் நின்று கைகளைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தாள். பின்னால் குசுகுசுவென்று ஆரம்பித்தது. ஒருத்தர் உட்கார்ந்தால் ஒரு பாவம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால் அது என்ன பாவமாக இருக்கும் என்று அவர்களால் ஊகிக்கவே முடியவில்லை. அந்தச் செத்துப்போன மனுஷன் லூயிசாவுக்கு நினைவு வந்தான். அவனுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாள். அவளுக்குக் கண் இருட்டவில்லை, வயிறும் கூப்பிடவில்லை. மகள் கல்யாணத்தைக் கடைசி ஆசீர்வாதம் வரை முழுசாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் முதல் ஆளாகக் கிளாடிஸ்தான் ஓடி வந்தாள். சுற்றிலும் பங்கு ஜனம், மாப்பிள்ளை வீட்டார், கையில் மாலையோடு ஹென்றி. "இன்னா அண்ணா இது? ரெண்டு பேரும் ஏன் போகல? எல்லாரும் என்னைக் கேக்கறாங்க," என்றாள், எல்லாரும் கேட்கும்படியாக.

வழக்கமாக லூயிசாதான் பதில் சொல்வாள். வாயைத் திறந்தும் விட்டாள். அதற்குள் ஆம்ப்ரோஸ் பேசினார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

"அவளுக்குக் குடலை வெட்டி எடுத்துட்டாங்க. முக்கால்வாசி இல்ல. கஞ்சி குடிக்காம இருந்தா விழுந்துடுவா. நான்தான் யாருக்கும் சொல்லாம மறைச்சேன், அவளுக்கும் சொல்லல. இன்னைக்குக் காலைல ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சோம். இனிமே யாரும் அவளுக்குக் கேசரி கொண்டாராதீங்க."

கிளாடிஸ் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஹென்றியின் அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வந்து, நிழலில் உட்காருங்கள் சம்பந்தி என்று லூயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனி முக்காட்டுக்குள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

லூயிசா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல இவருக்கு ஒரு மழைக்காலமும் ஒரு தபசுகாலமும் வேண்டியிருந்ததே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணிலும் நீர் வந்தது.

"பேசினது போதும்," என்றாள். "போத்தலை எடுங்க. நேரமாச்சு."